சுபுஹுக்கு எழும் ஊர்

சுபுஹு என்னும் வைகறைத் தொழுகைக்கு எழுவது அவரவர் மனோதிடத்தைப் பொறுத்த காரியம் என்றும், எழாதவன் சங்கல்ப பலம் இல்லாதவன் என்றும் கருதுகிற ஓர் அபிப்பிராயம் நம்மிடையே வெகுகாலமாக நிலவி வருகிறது. ஆயினும் புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்தில், கட்டுமாவடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம் என்று தொடங்கி மீமிசல், கோபாலப்பட்டினம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியிருக்கும் ஊர்களில் முஸ்லிம்கள் வாழ்ந்து வந்த முறையை நினைத்துப் பார்க்கிற எவருக்கும், சுபுஹுக்கு எழுவது தனி மனிதனின் சாமர்த்தியமாக இருந்ததைக் காட்டிலும் வீடும் தெருவும் சேர்ந்து செய்த ஏற்பாடாகவே இருந்தது என்பது விளங்காமற் போகாது.

முதலில் நம் பிரதேசத்துக்கு இயற்கை செய்திருக்கும் அனுகூலத்தைச் சொல்லிவிட வேண்டும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஏறக்குறைய 18 பாகையில் இருக்கையில் கீழ்வானில் குறுக்கே படர்கிற முதல் வெளிச்சத்தோடு சுபுஹு நேரம் தொடங்கி, சூரியோதயத்தோடு முடிகிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகை அளவில் உள்ள நம் கரையில், மே மாத முடிவில் 4.35 மணி சுமாருக்கும், ஜனவரிக் கடைசியில் 5.25 மணி சுமாருக்கும் அந்த வெளிச்சம் தோன்றுகிறது. ஆக, வருஷம் முழுவதிலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான வித்தியாசந்தான். இங்கிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போனவர்களுக்கு அதிலும் குறைவான வித்தியாசமே உண்டு. லண்டனுக்குப் போனவர்களின் நிலையோ பரிதாபமானது. மே மாதக் கடைசி வாரம் முதல் ஜூலை நடுப்பகுதி தாண்டும் வரை அங்கே சூரியன் அந்த 18 பாகை ஆழத்துக்கு இறங்குவதே இல்லையாதலால், சுபுஹு எப்போது என்பதையே வேறு கணக்குகளைக் கொண்டு நிர்ணயிக்க வேண்டியிருக்கிறது. தினந்தோறும் ஒரே வேளையில் விழிக்கிற சரீரம் நாளடைவில் அந்த வேளைக்குத் தானே ஆயத்தமாகிவிடும் என்பதைத் துயில் சாஸ்திரம் படித்தவர்கள் சொல்கிறார்கள். அப்படி ஒரே வேளையை வருஷம் முழுவதும் வைத்துக்கொள்ள நமக்கு வாய்த்திருப்பது போல் லண்டனுக்குப் போனவர்களுக்கு வாய்க்கவில்லை.

மனிதன் தானாக எழுந்துவிடுவான் என்று மார்க்கமும் எதிர்பார்க்கவில்லை. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் விடியலை ஒட்டி இரண்டு பாங்குகள் ஒலித்தன. உறங்குகிறவனை எழுப்பவும், இரவு வணக்கத்தில் நிற்பவனைச் சற்று ஓய்வுக்குத் திருப்பவும், இருள் பிரியுமுன்பே பிலால் (ரலி) முதல் பாங்கைச் சொல்வார். நேரம் வந்ததை அறிவிக்கும் இரண்டாவது பாங்கைச் சொன்னவர் இப்னு உம்மி மக்தூம் (ரலி). பின்னவருக்குக் கண் பார்வை இல்லை. விடிந்துவிட்டது என்று அருகிலிருப்பவர்கள் சொன்ன பிறகே அவர் பாங்கு சொல்வார் என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஊரை எழுப்புகிறவருக்கும் ஒருவர் விடியலை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது என்பதில், வேறு எந்த உபதேசத்திலும் கிடைக்காத ஒரு நயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

நம் ஊர்களில் இந்த இரட்டை ஏற்பாட்டின் முதற்பகுதியை வீடுகளிலே பெண்கள் ஏற்றுக்கொண்டார்கள். பள்ளிவாசலில் நகரா முழங்கி, மோதினார் பாங்கு சொல்லுமுன்பே எழுந்து, ஒளுச் செய்து, பிள்ளையின் காலைத் தொட்டு, “எந்திரி வாப்பா, சுபுஹு போயிரும்” என்று எழுப்பிய தாய்மாரின் பெயர்கள் எந்த ஜமாஅத்தின் பதிவேட்டிலும் இல்லை. ஆனால் பள்ளிவாசலில் முதல் ஸஃப்பு நிறைந்ததற்கு அவர்களே காரணர்கள். இரவுத் தொழுகைக்காகக் கணவன் மனைவியையும் மனைவி கணவனையும் எழுப்புவதும், எழ மறுத்தால் முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் நபிமொழியில் வாழ்த்துப் பெற்ற செயல்களாயிருக்க, அந்தச் சுமை முழுவதையும் ஒரு தரப்பார் மீதே ஏற்றிவிட்டு ஆண்கள் நிம்மதியாக உறங்கியது நியாயம் என்று நான் சொல்லமாட்டேன்.

பிற்பாடு ஒலிபெருக்கி வந்தது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதன் உபயோகத்துக்குத் தடை விதித்தன. 2005ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றமும் அந்த நேரக் கட்டுப்பாட்டை வலியுறுத்தியது. நம் மாவட்டத்தில் சுபுஹு பாங்கு எந்த மாதத்திலும் 6 மணிக்கு முன்னரே வந்துவிடுகிறபடியால், இதைப் பற்றிய மனக்குறை பலருக்கு உண்டு. எனினும், ஒலிபெருக்கி அனைவரையும் அழைக்கிறதே தவிர, நேற்று வராதவன் யார் என்பதை அது அறியாது. பள்ளிக்குப் போகிற வழியில் கதவைத் தட்டிவிட்டுப் போகும் அண்டை வீட்டுக்காரர் அறிவார்.

எழுவது ஏற்பாட்டைப் பொறுத்ததே என்பதற்கு அத்தாட்சி வேண்டுவோர் ரமலானைப் பார்க்கலாம். பக்கீர்கள் தப்ஸ் அடித்துத் தெருத்தெருவாகப் பாடி வருகிற பழக்கம் குறைந்துவிட்டபோதிலும், அந்த ஒரு மாதம் வீடுகளில் அடுப்பு சஹருக்கு எரிகிறது. பதினோரு மாதமும் எழாதவன் கூட எழுந்து, சாப்பிட்டு, பள்ளிக்கு வருகிறான். ஷவ்வால் பிறந்து பெருநாள் கழிந்ததும் ஸஃப்புகள் பழையபடி குறைந்துபோகின்றன. முப்பது நாளில் அவனுக்கு வந்திருந்த மனோதிடம் ஒரே இரவில் எங்கே போயிற்று? அவனை எழுப்பிய ஏற்பாடு கலைந்தது, அவ்வளவுதான்.

ஆகையால் இந்த அப்பியாசத்தைப் புதிதாகத் தொடங்குகிறவர் அதிகாலையைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டு, இரவைக் கவனிப்பதே உசிதம். இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் இருப்பதையும் நபிகள் நாயகம் (ஸல்) விரும்பவில்லை. இன்று அந்தப் பேச்சு கைபேசிக்குள் புகுந்து படுக்கை வரை கூடவே வருகிறது. நள்ளிரவு வரை அதைப் பார்த்திருந்துவிட்டு நாலரைக்கு மணி வைக்கிறவன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறான். படுக்கும் நேரத்தை ஒரேயடியாக மாற்றாமல் சில நாட்களுக்கு ஒரு தரம் கால் மணி வீதம் முன்னே கொண்டுவருவதும், அலாரத்தை எட்டாத இடத்தில் வைப்பதும், ஞாயிற்றுக்கிழமையும் அதே வேளையில் எழுவதும், பகலில் கைலூலா என்னும் குறுந்துயிலை அரை மணிக்கு மேற்படாமல் கொள்வதும் பலன் தருபவை. விசைப்படகுத் தொழிலிலும் இரவு ஷிஃப்டிலும் இருப்பவர்களுக்கு இந்த ஒழுங்கு அப்படியே பொருந்தாது; அவர்களுக்கு அந்தக் குறுந்துயிலே பிரதானம்.

எழத் தவறியவனை இழிவாகப் பேசுகிறவர்களுக்கு ஹதீஸிலிருந்தே விடை உண்டு. கைபரிலிருந்து திரும்பும் வழியில் இரவு தங்கியபோது, காவலுக்கு விழித்திருந்த பிலாலே தம் ஒட்டகத்தில் சாய்ந்து உறங்கிவிட, வெயில் சுட்ட பிறகே நபியவர்கள் உட்பட அனைவரும் விழித்து, அவ்விடம் விட்டுச் சற்று நகர்ந்து தொழுதார்கள். ஸஃப்வான் இப்னு முஅத்தல் (ரலி) என்ற தோழர், தம் குடும்பமே உதயம் வரை விழிக்க இயலாத உறக்கக் குடும்பம் என்று கூறியபோது, விழித்ததும் தொழுதுவிடுமாறு அவருக்குச் சொல்லப்பட்டது. அத்தகைய குடும்பங்கள் நம் தெருக்களிலும் இருக்கத்தான் செய்கின்றன. அவர்களுடைய கதவைத் தட்டுவதற்கு, பக்கத்து வீட்டார் பள்ளிக்கு இரண்டு நிமிஷம் முன்னதாகப் புறப்பட்டால் போதும்.