காசு கேட்காத லினக்ஸ்

கணினி வெறும் பெட்டி. அதை இயக்க ஒரு மென்பொருள் வேண்டும். அதற்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ் அப்படி ஒன்று. அதற்குக் காசு கொடுக்க வேண்டும்.

லினக்ஸ் இன்னொன்று. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அதன் மையப் பகுதியை எழுதினார். லினக்ஸைக் காசில்லாமல் பெறலாம். பிரதி எடுத்துப் பிறருக்கும் தரலாம். சட்டம் தடுக்காது.

கேரளத்தின் அரசுப் பள்ளிகள் இதற்கு மாறின. அங்கே ஆயிரக்கணக்கான கணினிகள். ஒவ்வொன்றுக்கும் உரிமத் தொகை கட்டினால் என்ன ஆகும்? சுமார் 300 கோடி ரூபாய் மிச்சம் என்று 2017இல் கணக்குச் சொன்னார்கள். இன்னொரு நன்மையும் உண்டு. திரையில் மலையாளத்திலேயே படிக்கலாம். பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

கஷ்டம் இல்லையா? உண்டு. ஆசிரியர்கள் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. பயிற்சிக்குப் பணமும் நாளும் ஆகும். ஆகவே செலவே இல்லை என்பது சரியல்ல. சில பிரிண்டர்கள் இதில் வேலை செய்யாது. கடைக்கணக்கு எழுதும் டாலி இதில் நேராக ஓடாது. பல கடைக்காரர்கள் மாறத் தயங்குவது இதனால்தான்.

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு உதவியைப் பொதுவாக 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தினார்கள். பழைய கணினியைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். லினக்ஸைப் போட்டால் பெரும்பாலும் ஓடும்.

முதலில் பென் டிரைவில் வைத்து ஓட்டிப் பாருங்கள். கணினியில் உள்ளது அழியாது. பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் மாறுங்கள். அதற்கு முன் படங்களையும் கணக்குகளையும் வேறு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.