கடையைக் கூட்டுபவரும் தொழில் தெரிந்தவரே

பூண்டுலோயா போன்ற சிறிய பட்டணத்தில் பெயர்ப்பலகையை விடப் பெரிய விளம்பரம் கடையின் தரைதான். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் மேசையைப் பார்க்கிறார்கள். கை கழுவும் இடத்தைப் பார்க்கிறார்கள். பிடிக்காவிட்டால் நம்மிடம் ஒன்றும் சொல்வதில்லை. திரும்பிப் போகும் பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்கள். வியாபாரம் குறைந்த பிறகுதான் நமக்கு விளங்குகிறது.

நம்மில் பலர் சுத்தம் செய்வதை ஒரு தொழிலாகக் கருதுவதில்லை. வேறு வேலை தெரியாதவருக்குக் கொடுக்கும் வேலை என்றே நினைக்கிறோம். பிளேன்டீ கொண்டுவந்து வைக்கும் பையனே மலசலகூடத்தையும் கழுவுகிறான். சில இடங்களில் அங்கே துடைத்த துணியே மேசைக்கும் வருகிறது. நான் பார்த்த வரையில் கடைகளின் அசுத்தத்துக்குச் சோம்பலை விட இந்த எண்ணமே பெரிய காரணம்.

உண்மையில் இது முறை தெரிந்து செய்ய வேண்டிய வேலை. சில அடிப்படைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, அழுக்கை அகற்றுவது வேறு, கிருமியைக் கொல்வது வேறு. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் குளோரின் ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கோடேயே செலவாகிவிடும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிய பின்னரே கிருமிநாசினி. அதையும் உடனே துடைத்துவிடாமல், போத்தலில் குறிப்பிட்டுள்ள நேரம் வரை விட வேண்டும்.

இரண்டாவது, மேலிருந்து கீழாகவும், அழுக்குக் குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்குமாகவே சுத்தம் செய்ய வேண்டும். மலசலகூடம் கடைசியில்.

மூன்றாவது, இடத்துக்கு ஒரு நிறத் துணி. மலசலகூடத்துக்குச் சிவப்பு, சமையலறைக்குப் பச்சை, பொது இடங்களுக்கு நீலம் என்பது பல நாடுகளில் துப்புரவுத் துறை கையாளும் வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது விளங்கும். நமது மலைநாட்டுக் குளிரில் துணி இலகுவில் காயாது. ஈரத்துணியில் கிருமி பெருகும். ஆகவே ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு மூன்று வைத்து மாற்றிப் பாவிக்க வேண்டும்.

நான்காவது, குளோரின் கலந்த வெளுப்புத் திரவத்தையும் அமிலம் கலந்த மலசலகூடத் திரவத்தையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அதிலிருந்து கிளம்பும் நச்சுவாயு, சிறிய மூடிய அறையில் நிற்பவரின் நுரையீரலைத் தாக்கும். இதைச் சொல்லிக் கொடுக்காமல் இரண்டு போத்தலையும் கையில் கொடுப்பது முதலாளியின் குற்றம்.

அடுத்தது சம்பளம். இலங்கையில் துப்புரவுச் சேவைத் தொழிலுக்கெனத் தனியான சம்பளச் சபையே உண்டு. தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம். தற்காலிக ஊழியருக்கும் இது பொருந்தும். "கூட்டுகிற ஆள்தானே" என்று அவரை மட்டும் பதிவேட்டிலிருந்து விட்டுவிட முடியாது.

தூய்மையை ஈமானோடு சேர்த்துச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மஸ்ஜிதுன் நபவியைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த ஒரு பெண்மணி மரணித்தபோது, அதைப் பெரிய விடயமாகக் கருதாத தோழர்கள் நபி (ஸல்) அவர்களுக்கு அறிவிக்காமலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அவரைக் காணவில்லையே என்று விசாரித்த நபியவர்கள், தமக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டு, கப்ரைத் தேடிச் சென்று தொழுகை நடத்தினார்கள். நம் கடையைக் கூட்டுபவர் இரண்டு நாள் வராவிட்டால் நாம் முதலில் விசாரிப்பது எதை? அவருடைய சுகத்தையா, கழுவாமல் கிடக்கும் கோப்பைகளையா?

இந்த வாரமே செய்யக்கூடியவை சில உண்டு. அவருக்கு ஒரு சோடி கையுறையும் நிறத்துக்கொரு துணியும் வாங்கிக் கொடுங்கள். எந்த நேரத்தில் எந்த இடம் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அவரைப் பெயர் சொல்லி, அல்லது வயதுக்கேற்ப அக்கா, அண்ணன் என்று அழையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகிற நாளுக்காக மட்டும் கழுவுகிற கடைக்கும், தினமும் கழுவுகிற கடைக்கும் உள்ள வித்தியாசம் வாடிக்கையாளருக்கு நன்றாகவே தெரியும்.