படகின் பின்பலகை: பழுதும் சீரமைப்பும்

புனே நகருக்குத் தென்மேற்கே முட்டா ஆற்றின் குறுக்கே அமைந்துள்ள கடக்வாஸ்லா அணை பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்டு, 1961 ஜூலை 12-ஆம் நாள் பான்ஷெத் அணை உடைந்த வெள்ளத்தில் தானும் உடைந்து, பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. நீர்த்தேக்கத்தின் கரையில் தேசியப் பாதுகாப்பு அகாடமியினர் படகோட்டப் பயில்கின்றனர். அணைக்கு அருகே, 1916-இல் தோன்றிய மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது.

நீர்த்தேக்கங்களில் வண்டல் எவ்வளவு படிந்துள்ளது என்பதை அறிய, எதிரொலியால் ஆழம் காணும் கருவியைச் சிறு படகில் ஏற்றி, நீர்ப்பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து அளப்பர். கருவி பெட்டியில் பத்திரமாக இருக்கும். அதைச் சுமக்கும் படகோ கரையில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும். அவ்வாறு கிடக்கும் படகில் பெரும்பாலும் முதலில் கெடுவது அவுட்போர்டு மோட்டாரைத் தாங்கும் பின்பலகையே. நடு ஏரியில் அது விட்டுக்கொடுத்தால் மோட்டார் நீருள் போகும். பின்புறம் திறந்துகொண்ட படகில் நீர் ஏறும். உள்ளிருப்போர் உயிருக்கே ஆபத்து.

இப்பலகை தாங்கும் விசையை நெம்புகோல் கணக்கால் எளிதில் காணலாம். மோட்டாரின் மேற்பிடிக்கு 20 செ.மீ. கீழே அதன் தாங்கல் பலகையில் அழுந்துகிறது. சுழலி 60 செ.மீ. கீழே உள்ளது என்று கொள்வோம். சுழலி 60 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் முன்னே தள்ளினால், தாங்கல் 180 கிலோ விசையுடன் பலகையை முன்னே அழுத்தும். மேற்பிடியோ பலகையின் விளிம்பை 120 கிலோ விசையுடன் பின்னே இழுக்கும். படகு அலையில் குதிக்கும்போது மோட்டாரின் எடையும் இதனுடன் சேரும். பள்ளியில் கரும்பலகையிலேயே இக்கணக்கைப் போட்டுக் காட்டலாம்.

இன்றைய சிறு படகுகள் பலவற்றில் பின்பலகை என்பது இரு கண்ணாடியிழைத் தோல்களுக்கிடையே வைத்த ஒட்டுப்பலகை. வெளியே பளபளப்பாக இருக்க உள்ளே மரம் சோறாகிவிடுவதுண்டு. ஏரி நீரே இதற்குக் காரணம் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை வேறு. மரத்தைத் தின்னும் பூசணத்துக்கு ஈரமும் பிராணவாயுவும் ஒருங்கே வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழிருந்தால் அது வளராது. முற்றிலும் மூழ்கிய மரத்திலும் காற்றின்மையால் வளராது. எனவே அழுகல் தோன்றுவது பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு மேலேதான். மேல்விளிம்பின் வெடிப்பு, போல்ட் துளைகள், வடிதுளை ஆகியவற்றின் வழியே மழைநீர் புகுந்து வெளியேற வழியின்றித் தங்குகிறது. நன்னீர் கடல்நீரைவிடக் கொடியது என்பதும் கருதத்தக்கது. உப்பு பூசணத்தைத் தடுக்கும். மேலைநாட்டு மரக்கப்பல்களில் சட்டங்களுக்கிடையே உப்பைக் கொட்டிவைக்கும் வழக்கமே இருந்தது. தூத்துக்குடிப் படகுக்குப் பகை மரம் துளைக்கும் கப்பற்புழு. கடக்வாஸ்லாப் படகுக்கோ மழைத்துளி.

பழுதை அறியக் கொட்டாப்புளியால் பலகை முழுவதும் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல மரம் கணீரென ஒலிக்கும். அழுகியது மந்தமாக ஒலிக்கும். மோட்டாரைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் பலகை நெளிகிறதா என்று பார்க்கலாம். ஐயமிருப்பின் உட்புறத்தில் சிறு துளையிட்டு, வரும் தூளைக் காண்க. ஈரமாகவும் கறுப்பாகவும் வந்தால் தோலைத் திறக்காமல் வேறு வழியில்லை. துளைவழியே பசையை ஊற்றி அடைத்துவிடும் குறுக்குவழி ஈரத்தை உள்ளேயே சிறைப்படுத்துவதாகும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வேலைக்குரிய காலம் ஏப்ரல், மே. ஜூன் முதல் செப்டம்பர் வரை புனேயில் மழைக்காலம். மழை நின்று நீர்த்தேக்கம் நிறைந்திருக்கையில்தான் அளவைப்பணிக்குப் படகு தேவைப்படும். அப்போது பழுதுபார்க்கத் தொடங்கினால் ஈரமரத்தின்மீதே பசை பூச நேரும்.

முதலில் படகைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, பக்கங்கள் விரியாதபடி குறுக்கே ஒரு சட்டம் கட்டுக. உட்தோலை மட்டும் அறுத்து எடுக்க வேண்டும். வெளித்தோல் படகின் உருவத்தைக் காத்து நிற்கும். அழுகலைச் சுரண்டி, அதற்கப்பால் நல்ல மரம் தெரியும் வரை வெட்டி, பல நாள் உலரவிட வேண்டும். கண்ணாடியிழைத் தூசு நுரையீரலுக்குத் தீங்கு செய்வதால் முகமூடியும் கையுறையும் இன்றி இதில் கைவைத்தல் கூடாது.

புதுப்பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரையிட்ட கடல்தர ஒட்டுப்பலகையே ஏற்றது. அதன் பசை 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்கியாக வேண்டும். பழைய கனத்துக்கு ஏற்ப இரண்டு தகடுகளை எபாக்ஸிப் பிசினால் ஒட்டலாம். பாலியெஸ்டர் மலிவு, ஆயினும் மரத்தை எபாக்ஸி போல் பற்றாது. விளிம்புகள் மிகுதியாக நீர் உறிஞ்சுமாதலால் அவற்றுக்கு இருமுறை பிசின் பூசுக. தக்காணத்தின் கோடையில் பகலுக்கும் இரவுக்கும் உஷ்ணநிலை வெகுவாக மாறுகிறது. காலையில் பூசினால், ஏறும் வெப்பத்தில் மரத்துளைகளிலுள்ள காற்று விரிந்து பூச்சில் குமிழிகள் எழும். மாலையில், உஷ்ணம் இறங்கும்போது பூசினால் மரம் பிசினை உள்ளிழுக்கும். மூலைகளைக் கெட்டிப் பசையால் வளைவாக நிரப்பியபின்பே கண்ணாடியிழைத் துணியை ஒட்ட வேண்டும். கூர்மூலையில் துணி படியாது.

துளைகளே முக்கியம். தேவையினும் பெரிதாகத் துளையிட்டுப் பசையால் நிரப்பி, அது இறுகியபின் போல்ட்டின் அளவுக்கு மறுபடி துளையிடுக. அப்போது போல்ட் பசையை மட்டுமே தொடும். மரத்தை நீர் எட்டாது. வடிதுளைக்கும் இதுவே முறை.

நீரில் இறக்குமுன், கரையிலேயே பின்புறத்தினுள் சில குடம் நீர் ஊற்றி, வெளியே கசிகிறதா என்று பாருங்கள். கலப்பற்று இட்ட பழைய பலகைப்படகுகளை ஊறவைத்து இடுக்குகளை மூடச் செய்வதுபோல் இதனை ஊறவைத்துப் பயனில்லை. கசிந்தால் அது பழுதே. வடிதுளைத் தக்கையும், மோட்டாரைப் படகுடன் பிணைக்கும் காப்புக்கயிறும், மிதவைச்சட்டைகளும் இருக்க வேண்டும். முதல் ஓட்டம் கரையை ஒட்டி, கருவியின்றி, பாதி வேகத்தில் நடைபெறுக. அரைமணிக்குப்பின் கரையேற்றி, போல்ட்டுகளை மீண்டும் இறுக்கி, பலகையின் உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் கையில் பட்டால் அன்று அளவைக்குப் புறப்படலாகாது.