அறிமுகமும் ஓர் இடுபொருளே!

மரவள்ளி பயிரிடும் சேலம், நாமக்கல் விவசாயிகளுக்கு மாவுப்பூச்சியைப் பற்றி விளக்கத் தேவையில்லை. குருத்து இலைகள் சுருண்டு கொத்தாகிவிடும். கணு இடைவெளி குறைந்து செடி குட்டையாக நின்றுவிடும். 2020-ல் கேரளாவில் முதலில் தென்பட்ட இந்தப் பூச்சி, பின்னர் தமிழகத்திலும் பரவியது. பூச்சி ஒட்டிய விதைக்கரணையை வாங்கி நட்டால், அதோடு பூச்சியும் ஊர் மாறிவிடும். உடல் மேல் மெழுகுப் படலம் இருப்பதால் தெளிக்கிற மருந்து எளிதில் உள்ளே இறங்காது.

இதற்குத் தீர்வு எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், விவசாயத்தில் ஆள் தொடர்பு எவ்வளவு பெறும் என்பது புரியும்.

இதே பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் மரவள்ளியை அழித்தது. அங்கே சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் இருந்த விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரன், பூச்சியின் சொந்த ஊரான தென் அமெரிக்காவில் அதன் எதிரியைத் தேடினார். கொலம்பியாவில் வேறொரு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்த ஆண்டனி பெல்லோட்டி, 1981-ல் பராகுவே நாட்டில் அந்த மாவுப்பூச்சியைக் கண்டுபிடித்துத் தகவல் கொடுத்தார். அங்கேதான் அதை அழிக்கும் 'அனகைரஸ் லோபெசி' என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியும் கிடைத்தது. ஆப்பிரிக்க மரவள்ளியைக் காத்த இந்தப் பணிக்காக ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

நம் வயலில் பூச்சி வந்தபோது, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் 2021-ல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியைத் தருவித்தது. 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வயலில் விடப்பட்டது. குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று தீர்த்துவிடும்.

ஆனால், குளவி வேலை செய்ய வேண்டுமானால் அந்த வயலில் கண்டபடி பூச்சிக்கொல்லி அடிக்கக் கூடாது. இந்த ஒரு தகவல் தெரியாத விவசாயி மருந்துக்கும் ஆள் கூலிக்கும் பணத்தைக் கொட்டுவார். தன் வயலில் உள்ள குளவியைக் கொல்வதோடு, பக்கத்து வயலுக்குப் பரவவேண்டியதையும் தடுத்துவிடுவார். ஒரே ஊரில், ஒரே மண்ணில், ஒருவருக்கு இது தெரிகிறது, இன்னொருவருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலும் காரணம் படிப்பு அல்ல. கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறாரா என்பதே.

நீங்கள் யாரை அறிந்து வைத்திருக்க வேண்டும்?

முதலாவது, உங்கள் பயிரை ஆராய்ச்சி செய்பவர். வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒருமுறையாவது நேரில் சென்று அறிமுகம் செய்துகொள்ளுங்கள். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையமே 1974-ல் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது.

இரண்டாவது, வேறு வட்டாரத்தில் அதே பயிரை வைத்திருக்கும் விவசாயிகள் இரண்டு பேர். பூச்சியும் நோயும் விலை மாற்றமும் சில நேரம் அவர்கள் ஊருக்கு முதலில் வரும். உங்களுக்குச் சுதாரிக்க நேரம் கிடைக்கும்.

மூன்றாவது, விளைபொருளை வாங்குபவர். மரவள்ளிக்கு மாவுச்சத்து 'பாயிண்ட்' பார்த்துத்தான் ஆலைகள் விலை போடுகின்றன. அந்த அளவீடு எப்படி நடக்கிறது என்பதை ஆலையில் பார்த்துத் தெரிந்துகொண்டவர், இடைத்தரகர் சொல்லும் விலையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

உரக்கடைக்காரரும் பயனுள்ள தொடர்புதான். ஆனால் அவர் பொருள் விற்பவர். எனவே மருந்து வாங்கும் முன் இன்னொருவரிடமும் கேளுங்கள். வேறு வழி இல்லையென்றால் கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551-ல் தமிழிலேயே கேட்கலாம்.

கேட்கும் விதமும் முக்கியம். 'செடி காயுது, என்ன அடிக்கலாம்?' என்றால் யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. ரகம், பயிரின் வயது, கடைசியாக என்ன தெளித்தீர்கள், எத்தனை நாளாகிறது என்பதைச் சொல்லுங்கள். முழுச் செடி, இலையின் மேல்புறம், அடிப்புறம் என மூன்று படங்கள் அனுப்புங்கள்.

அதைவிட முக்கியம், பலனைத் திருப்பிச் சொல்வது. 'நீங்கள் சொன்னது கேட்டது' அல்லது 'கேட்கவில்லை' என்று பத்து நாள் கழித்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் தகவல் அடுத்த விவசாயிக்குச் சொல்லும் பரிந்துரையைத் திருத்த உதவும். அப்படிச் சொல்பவரின் பெயர் எங்கள் நினைவில் நிற்கும். செயல்விளக்கத் திடலுக்கோ புதிய ரக விதைக்கோ ஆள் தேடும்போது அவரைத்தான் முதலில் அழைக்கிறோம்.

களப்பணியாளர்களுக்கும் இது பொருந்தும். பதவி உயர்வு பணிமூப்பில் வரலாம். மதிப்பு அப்படி வராது. எல்லாப் பயிரும் ஒருவருக்கே தெரிந்திருக்க முடியாது. எந்தப் பிரச்சினைக்கு எந்த விஞ்ஞானி, எந்த ஊரில் எந்த முன்னோடி விவசாயி என்று தெரிந்த உதவி வேளாண்மை அலுவலரை மக்கள் தேடி வருவார்கள். மாறுதலாகிப் போகும்போது அந்தப் பட்டியலை அடுத்து வருபவரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

பூச்சி வந்த பிறகு அறிமுகம் தேடினால் ஒரு வாரம் போய்விடும். வயலில் பிரச்சினை இல்லாத இந்த வாரமே உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குச் சென்று, உங்கள் பயிரையும் பரப்பையும் சொல்லி, யாரை அழைக்க வேண்டும் என்று எண் வாங்கி வையுங்கள்.