வகையிடல் தெரிந்த பிள்ளைக்கு என்ன குறை?

மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையம் பக்கமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமும் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளில், வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்களும் உண்டு. 2023 பிளஸ் டூ தேர்வில் 97.85 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்தில் முதலிடம் பிடித்த விருதுநகர் மாவட்டத்துப் பிள்ளைகள் இவர்கள். அப்படித் தேறி வந்தவர்களில் ஒருவர் முதல் செமஸ்டரிலேயே 'இதெல்லாம் என் மண்டையில் ஏறாது' என்று முடிவு கட்டினால், உடனே நாம் அதற்குத் தாழ்வு மனப்பான்மை என்று பெயர் வைத்து, தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூப்பிடுகிறோம். கோளாறு பிள்ளையின் மனதில் இல்லை, வகுப்பறையில் இருக்கிறது என்பதே என் வாதம்.

தமிழ்வழியில் வகையிடலும் தொகையிடலும் அணிகளும் படித்துத் தேறிய மாணவரின் காதில் டிஃபரன்ஷியேஷன், இன்டக்ரேஷன், மேட்ரிக்ஸ் என்ற சொற்கள் சரசரவென்று விழுகின்றன. போர்டில் இருக்கும் குறியீடு இரண்டு வருடம் பழகியதுதான். பெயர் மட்டுமே புதிது. பக்கத்து பெஞ்சில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அவர்களிலும் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது என்பது இவருக்கு எப்படித் தெரியும்? கை தூக்கக் கூச்சம். கேட்காமல் விட்டதால் இன்டர்னலில் மதிப்பெண் குறைகிறது, பிறகு அரியர் ஆகிறது. அந்த அரியரே 'நமக்கு லாயக்கில்லை' என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. தன் கையால் செய்து முடித்த அனுபவமே நம்பிக்கைக்கு வலுவான ஊற்று, பிறர் சொல்லும் ஊக்கமொழிக்கு அவ்வளவு வலு இல்லை என்று உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-லேயே எழுதினார். அமெரிக்காவில் வால்டன், கோஹன் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முதலாண்டுத் தடுமாற்றம் எல்லோருக்கும் வருவது, போய்விடுவது என்று சீனியர்கள் சொன்னதை ஒரு மணி நேரம் படித்து எழுதிய கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் மூன்றாண்டுகளில் உயர்ந்தது. 92 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு. அப்படியே நம் ஊருக்குப் பொருந்திவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்து பார்க்கச் செலவே இல்லை.

கொஞ்சம் சந்தேகம் இருந்தால்தானே பிள்ளை உழைக்கும் என்று கேட்பார்கள். போட்ட விடையின் மேல் வரும் சந்தேகம் இன்னொரு முறை சரிபார்க்க வைக்கும். தன் மேலேயே வரும் சந்தேகம் நோட்டை மூட வைக்கும். இரண்டும் ஒன்றல்ல. திறமை இருந்தால் ராமானுஜன் மாதிரித் தானே மேலே வரட்டும் என்பது இன்னொரு வாதம். கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்து, சென்னையில் எஃப்.ஏ. தேர்விலும் தோற்றவர் ராமானுஜன். 1910-இல் அவருடைய நோட்டுகளைப் பார்த்து மதித்து, அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்ப ராமசாமி ஐயர் என்ற ஒருவர் இருந்தார். 1913-இல் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போனது அதற்குப் பிறகுதான். அவரும் தனியாக மேலே வந்துவிடவில்லை.

இந்தப் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் வாரம் போர்டில் டிஃபரன்ஷியேஷன் என்று எழுதும்போது, பக்கத்தில் வகையிடல் என்றும் எழுதுங்கள். அரியர் வைத்துப் பிறகு தேறிய சீனியர் ஒருவரை வகுப்புக்குக் கூட்டிவந்து, அதை எப்படி முடித்தார் என்று பேசச் சொல்லுங்கள்.