சந்தைக்குச் சைக்கிளில் போகத் தலைக்கவசம் வேண்டுமா?

"வீட்டிலிருந்து ஈரச்சந்தைக்குப் பத்து நிமிடம். நடைபாதையிலேயே போய்விடலாம். அதற்குமா தலைக்கவசம்?" சைக்கிள் ஓட்டும் மூத்தோர் பலர் கேட்கும் கேள்வி இது. சட்டத்தைக் கேட்டால், "வேண்டியதில்லை" என்று சொல்லும். உங்கள் தலையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டால், அவர் வேறு பதில் சொல்வார். இரண்டு பதில்களும் ஏன் வேறுபடுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், எதைச் செய்வது என்று நீங்களே முடிவெடுக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 பிப்ரவரி 1 முதல் சிங்கப்பூரில் சாலையில் சைக்கிள் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிவது கட்டாயம். சாலையில் மின்சைக்கிள் ஓட்டுவோருக்கும் அதே விதிதான். நடைபாதையிலும், சைக்கிளோட்டப் பாதையிலும், பூங்கா இணைப்புப் பாதையிலும் சாதாரண சைக்கிள் ஓட்டுவோருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நடைபாதையில் வந்துகொண்டிருக்கும்போது, பாதை தொடரும் இடத்தில் சாலையைக் குறுக்கே கடந்து மறுபக்கம் போவதற்கும் தலைக்கவசம் தேவையில்லை.

கோட்டை ஏன் சாலையோரத்தில் போட்டார்கள்? சாலையில் கார், லாரி, பேருந்து எல்லாம் வேகமாகப் போகின்றன. நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிளோட்டப் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று வேகவரம்பு இருக்கிறது. ஆபத்து அதிகமுள்ள இடத்தில் கட்டாயம், குறைவான இடத்தில் விருப்பம் என்பதே கணக்கு. இடையே ஒரு சிறு நினைவூட்டல்: சைக்கிளோட்டப் பாதையை ஒட்டிச் செல்லும் நடைபாதைகள் 2025 ஜூலை 1 முதல் நடப்பவர்களுக்கு மட்டுமே. பக்கத்திலேயே சைக்கிளோட்டப் பாதை இருந்தால் அதில்தான் ஓட்ட வேண்டும்.

மற்ற நாடுகளில் நடந்த வாக்குவாதம்

தலைக்கவசத்தைச் சட்டமாக்குவதா வேண்டாமா என்பது முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகளில் நடந்துவரும் வாக்குவாதம். 1990 ஜூலை 1 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் எல்லா வயதுச் சைக்கிளோட்டிகளுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. உலகில் அப்படிச் செய்த முதல் இடம் அதுதான். சட்டத்திற்குச் சற்று முன்பு அங்கே சைக்கிளோட்டிகளில் பத்துப் பேரில் மூவர் தலைக்கவசம் அணிந்திருந்தார்கள். ஓராண்டுக்குள் அது நான்கில் மூன்று பங்காக உயர்ந்தது. நியூசிலாந்து 1994ல் அதே வழியில் போனது.

ஆனால் விக்டோரியாவில் இன்னொன்றும் நடந்தது. சட்டம் வந்த பிறகு, குறிப்பாகப் பதின்ம வயதினரிடையே, சைக்கிள் ஓட்டுவோரின் எண்ணிக்கை குறைந்தது. எதிர்ப்பாளர்களின் முக்கிய வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. சைக்கிள் ஓட்டுவது இதயத்திற்கும் நீரிழிவுக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது. ஒரு சட்டத்தால் பலர் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டால், தலைக்காயத்தில் சேமித்ததை மாரடைப்பில் இழக்க நேரிடாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

எதிர்ப்பாளர்களுக்கு இன்னொரு வாதமும் உண்டு. இங்கிலாந்தில் இயன் வாக்கர் என்ற ஆய்வாளர், தம் சைக்கிளில் ஓர் அளவுக் கருவியைப் பொருத்திக்கொண்டு, தலைக்கவசத்தோடும் இல்லாமலும் ஓட்டிப் பார்த்தார். தலைக்கவசம் அணிந்திருந்தபோது, முந்திச் சென்ற வாகனங்கள் சராசரியாக 8.5 செண்டிமீட்டர் நெருங்கி வந்தன என்று 2007ல் வெளியிட்டார். அவருடைய தரவுகளை மறுபடி ஆராய்ந்த வேறு சிலர், அந்த வித்தியாசம் ஆபத்தானது அல்ல என்றார்கள். எப்படி இருந்தாலும், அது சாலையில் கார்கள் முந்திச் செல்வதைப் பற்றிய விஷயம். புளோக்கிலிருந்து கோப்பிக்கடைக்கு நடைபாதையில் போகும் ஒருவருக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது.

நெதர்லாந்தை எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே ஊருக்கு ஊர் தனிச் சைக்கிளோட்டப் பாதைகள் உண்டு. தலைக்கவசம் அணிபவர்கள் மிகக் குறைவு. ஆனால் அங்கேயும் காயமடையும் முதியவர்கள் பலர் காரில் மோதிக் காயமடையவில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் நிலை தடுமாறியும், பாதையின் விளிம்பில் தட்டியும் தாமாகவே விழுகிறார்கள். அதனால் நெதர்லாந்து அரசு அண்மை ஆண்டுகளில், சட்டம் எதுவும் போடாமல், மக்கள் விரும்பி அணியும்படி ஊக்குவித்து வருகிறது. ஜப்பானும் ஏறத்தாழ அதே நிலைதான். 2023 ஏப்ரல் 1 முதல் அங்கே எல்லா வயதினரும் தலைக்கவசம் அணிய முயற்சி செய்யவேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். அணியாதவர்களுக்கு அபராதம் இல்லை.

ஆக, வாக்குவாதம் பெரும்பாலும் கட்டாயப்படுத்துவதைப் பற்றியது. கீழே விழுந்து தலை தரையில் மோதும் அந்த நொடியில் தலைக்கவசம் உதவுமா என்ற கேள்வியில் அவ்வளவு சண்டை இல்லை. விபத்தில் சிக்கிய 64,000க்கும் அதிகமான சைக்கிளோட்டிகளைப் பற்றிய 40 ஆய்வுகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் ஒன்றுதிரட்டிப் பார்த்து 2016ல் முடிவை வெளியிட்டார்கள். தலைக்கவசம் அணிந்தவர்களுக்குத் தலைக்காயம் ஏற்படும் சாத்தியம் ஏறத்தாழப் பாதியாகவும், கடுமையான தலைக்காயம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கும் குறைந்திருந்தது.

வயதானவர்களுக்கு ஏன் தனிக் கவனம்?

இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி இதுதான். சற்று நிதானமாகப் படியுங்கள்.

வயது ஏற ஏற, எல்லாருக்கும் மூளை கொஞ்சம் சுருங்குகிறது. மறதி நோய் இல்லாதவர்களுக்கும் இது நடக்கும். மண்டை ஓடு அதே அளவில்தான் இருக்கும். எனவே மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. மூளையின் மேற்பரப்பிலிருந்து வெளியுறைக்குச் செல்லும் மெல்லிய இரத்தக் குழாய்கள் அந்த இடைவெளியில் இழுபட்ட நிலையில் இருக்கின்றன. தலையில் அடிபட்டு மூளை குலுங்கும்போது அவை எளிதில் அறுந்துவிடும். இருபது வயதுப் பேரனுக்கு வீக்கத்தோடு போய்விடக்கூடிய ஓர் அடி, எழுபது வயதுத் தாத்தாவுக்கு மூளைக்கு வெளியே இரத்தக் கசிவாக மாறலாம்.

இதோடு மருந்துகளும் சேர்கின்றன. இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுவது உண்டு. வார்ஃபரின், அபிக்சபான், ரிவரோக்சபான், குளோபிடோகிரல், ஆஸ்பிரின் ஆகியவை அவ்வகை மருந்துகள். உயிர் காக்கும் மருந்துகள்தான். சைக்கிள் ஓட்டுகிறோமே என்று பயந்து நீங்களாக அவற்றை நிறுத்திவிடாதீர்கள். அது பெரிய ஆபத்து. ஆனால் இரத்தம் கசியத் தொடங்கினால், இந்த மருந்துகளைச் சாப்பிடுபவருக்கு அது நிற்க நேரம் எடுக்கும்.

"நான் மெதுவாகத்தான் ஓட்டுவேன்" என்பது அடுத்த பதில். நல்லதுதான். இருந்தாலும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தடுக்க எதுவும் இல்லாமல் ஒன்றரை மீட்டரிலிருந்து விழும் எந்தப் பொருளும் தரையைத் தொடும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். சைக்கிள் அசையாமல் நின்றிருந்தாலும் கணக்கு அதேதான். சைக்கிள் தலைக்கவசங்களைச் சோதிப்பவர்கள் அவற்றைத் தட்டையான இரும்பின்மேல் போடுவதும் ஏறத்தாழ அதே உயரத்திலிருந்துதான். வேறு விதமாகச் சொன்னால், காரோடு நேருக்கு நேர் மோதுவதைவிட, நடைபாதையில் தடுமாறி விழும் விழுகைக்குத்தான் அந்தப் பொருள் மிகவும் பொருத்தமானது. சட்டம் சாலையில் அணியச் சொல்கிறது. ஆனால் சந்தைக்குப் போகும் பெரியவரின் விழுகையைத்தான் அது நன்றாகத் தாங்கும். இது கொஞ்சம் விந்தைதான்.

விழும் விதங்களும் நாம் அறிந்தவையே. கைப்பிடியில் மாட்டிய காய்கறிப் பை சக்கரத்தில் சிக்கும். மழையில் நனைந்த கால்வாய் இரும்பு மூடி வழுக்கும். ஒரு கையில் குடை பிடித்திருக்கும்போது குழந்தை ஒன்று குறுக்கே ஓடும். காலைத் தூக்கிப் போட்டு இறங்கும்போது இடுப்பு ஒத்துழைக்காது. இவற்றில் ஒன்றிலும் கார் இல்லை.

தலைக்கவசம் செய்யாதவை

அது விழாமல் காப்பாற்றாது. இடுப்பு எலும்பும் மணிக்கட்டும் உடைவதைத் தடுக்காது. எனவே சைக்கிளையும் கவனியுங்கள். உட்கார்ந்தபடியே கால் தரையில் ஊன்றும் அளவுக்கு இருக்கையைத் தாழ்த்துங்கள். கால் தூக்க முடியாதவர்களுக்கு நடுச்சட்டம் தாழ்வாக உள்ள சைக்கிள் வசதி. பொருள்களைக் கைப்பிடியில் மாட்டாமல் கூடையில் வையுங்கள். இரண்டு பிரேக்கும் சரியாகப் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். கூட்டமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் அவமானம் ஒன்றும் இல்லை.

வாங்குவதும் அணிவதும்

சைக்கிளுக்கென்று செய்த தலைக்கவசமே வேண்டும். மோட்டார்சைக்கிள் தலைக்கவசம் கனமானது. நம் வெயிலில் அதை மாட்டிக்கொண்டு மிதிப்பது சிரமம். உள்ளே உள்ள ஒட்டுத்தாளில் இஎன் 1078 அல்லது சிபிஎஸ்சி போன்ற பாதுகாப்புத் தரத்தின் பெயர் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். காற்றுத் துளைகள் அதிகம் உள்ளது வியர்வைக்கு நல்லது. விலை கூடியதுதான் நல்லது என்று நினைக்க வேண்டாம். அந்தத் தரச்சான்று இருந்து, தலைக்குப் பொருந்தினால் போதும்.

தலைக்கவசம் நெற்றியை மூட வேண்டும். புருவத்திற்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டால் சரி. பின்பக்கம் சாய்த்துத் தொப்பிபோல வைத்துக்கொண்டால், முகம் குப்புற விழும்போது பயன் இல்லை. வார்கள் காதுக்குக் கீழே ஒன்றுசேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது. வாரைப் பூட்டாமல் போட்டால் போடாததற்குச் சமம். பெண்கள் கொண்டையைப் பிடரிக்குத் தாழ்த்திப் போட்டுக்கொண்டால் தலைக்கவசம் நேராக உட்காரும். உச்சிக்கொண்டையின் மேல் அது நிற்காது. பல மாதிரிகளில் பின்னால் ஒரு திருகு இருக்கும். அதைத் திருகி இறுக்கிவிட்டு, வாரைப் பூட்டாமலேயே தலையை ஆட்டிப் பாருங்கள். நகராமல் இருந்தால் அளவு சரி.

உள்ளே இருப்பது ஸ்டைரோஃபோம் போன்ற நுரை. அடிபடும்போது தான் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதே அதன் வேலை. ஒருமுறை பலமாக மோதிவிட்டால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், புதியது வாங்குங்கள். முன்பு யார், எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று தெரியாத பழைய தலைக்கவசமும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

"அப்பா, இந்த வயசுல சைக்கிள் வேணாம்பா" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் சைக்கிளைப் பறித்துவிட்டால், அதோடு உடற்பயிற்சியும் போகும். கோப்பிக்கடைச் சிநேகிதர்களைப் பார்ப்பதும் குறையும். கண்பார்வையும் சமநிலையும் நன்றாக இருக்கும்வரை ஓட்டட்டும். தலைச்சுற்றல் வருகிறது, இரவில் சரியாகத் தெரியவில்லை, அண்மையில் ஒருமுறை விழுந்துவிட்டார் என்றால், முதலில் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். தீபாவளிக்கு இன்னொரு சட்டை வாங்குவதற்குப் பதிலாக, அவரையும் கடைக்கு அழைத்துப்போய் அளவு பார்த்து ஒரு தலைக்கவசம் வாங்கிக் கொடுக்கலாம்.

விழுந்துவிட்டால்

தலையில் அடிபட்டு மயக்கம் வந்தால், வாந்தி எடுத்தால், பேச்சுக் குழறினால், ஒரு கை அல்லது கால் பலம் குறைந்தால், வலிப்பு வந்தால், உடனே 995ஐ அழையுங்கள். தலைக்கவசம் போட்டிருந்தாலும் இது பொருந்தும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாவிட்டாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்க் காட்டிவிடுவது நல்லது.

மெதுவாகக் கசியும் இரத்தம் உடனே தெரியாது. விழுந்தவர் எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குவார். இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலைவலி விடாது, பகலிலும் தூக்கமாக வரும், நடை தள்ளாடும், பெயர்கள் மறக்கும். வீட்டில் இருப்பவர்கள் "வயதாகிவிட்டது" என்று நினைத்துவிடுவார்கள். விழுந்ததை அதற்குள் எல்லாரும் மறந்திருப்பார்கள். இந்த வகைக் கசிவை ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடிக்கலாம். பலருக்குச் சிகிச்சையால் குணமாகிறது. அதனால் விழுந்த நாளைச் சமையலறை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மருத்துவரைப் பார்க்கும்போது அந்தத் தேதியையும், நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் மறக்காமல் சொல்லுங்கள்.