குழந்தையின் எடையும் சங்கத்தின் கடமையும்

நமது கிராமங்களில் ஒரு கன்று மெலியுமானால் வீட்டார் அனைவரும் அதைக் கவனித்துத் தீனியை மாற்றுகின்றனர். ஆனால் பத்து மாதக் குழந்தை ஒன்று மூன்று மாதங்களாக எடை கூடாமல் இருக்குமானால் அதை அறிவார் பெரும்பாலும் எவருமிலர். குழந்தை சிரிக்கிறது, தவழ்கிறது, பால் குடிக்கிறது. ஆகையால் குறை யாதும் இல்லை என்று எண்ணிவிடுகிறோம். இதனால் நேரும் நஷ்டம் பின்னாளில் பள்ளிக்கூடத்திலும் வயலிலும் வெளிப்படுகிறது. அப்பொழுது அதை ஈடுசெய்தல் மிகவும் கடினம்.

மனிதனுடைய மூளை முதல் இரண்டு மூன்று வருஷங்களில் வளர்வதுபோல் வேறெப்பொழுதும் அத்துணை வேகமாய் வளர்வதில்லை. ஆகவே கல்வி பள்ளிக்கூட வாயிலில் தொடங்குகிறதென்று நினைப்பது தவறு. அது தொட்டிலில் தொடங்குகிறது. அதற்கு முதல் ஆதாரம் ஆகாரம்.

எடை கூறும் செய்தி

பிறக்கும்பொழுது 3 கிலோ எடையுள்ள குழந்தை ஐந்தாம் மாதத்தில் சுமார் 6 கிலோவும், ஒரு வயது நிறையும்பொழுது சுமார் 9 கிலோவும் இருத்தல் வேண்டும். மாதந்தோறும் நிறுத்து, வளர்ச்சி அட்டையில் புள்ளியிட்டு, புள்ளிகளைக் கோட்டினால் இணைத்தால் குழந்தையின் நிலை தெரிந்துவிடும். கோடு மேல்நோக்கிச் சென்றால் நன்று. படுத்திருந்தால், உடம்பு மெலிந்ததாகக் கண்ணுக்குத் தோன்றுமுன்னரே அது எச்சரிக்கை செய்கிறது. சங்கத்தில் கடன் வாங்கியவரின் முதல் தவணை தவறும்பொழுதே விசாரிக்கிறோமல்லவா? அதுபோலவே இதுவும்.

இம்முறை நம் நாட்டிலேயே பரீட்சிக்கப்பட்டதாகும். தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-ஆம் வருஷத்தில் மதுரை ஜில்லா கொட்டாம்பட்டி வட்டாரத்தில் முதலில் தொடங்கப்பெற்றது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தார்கள். எடை கூடத் தவறிய குழந்தைகளுக்கு மட்டும் சுமார் மூன்று மாத காலம் சத்துணவு உருண்டை அளித்தார்கள். வீட்டு ஆகாரத்துக்குப் பதிலாக அது ஆகிவிடாதபடி நிலையத்திலேயே உண்ணச் செய்தார்கள். எடை ஏறியதும் அதை நிறுத்திவிட்டு, மேற்கொண்டு வீட்டிலேயே பேணும் வகையைத் தாய்க்குப் போதித்தார்கள். பல இடங்களில் அவ்வூர் மாதர் குழுக்களே அவ்வுருண்டையைத் தயாரித்தன. திட்டம் நடந்த பகுதிகளில் கடுமையான போஷாக்குக் குறைவு கணிசமாகக் குறைந்தது.

ஆபத்தான காலம்

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தரவேண்டும். முதலில் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சி எறிதல் பெருந்தவறு; நோயைத் தடுக்கும் சக்தி அதில் நிறைந்துள்ளது. ஆறு மாதம் வரையில் தாய்ப்பாலே போதும்; சர்க்கரைத் தண்ணீரும் தேனும் வேண்டா; தண்ணீர்கூட அவசியமில்லை.

ஆறு மாதத்துக்குப் பின்னர் தாய்ப்பால் மட்டும் போதாது. இங்கேதான் நம் குழந்தைகள் பின்தங்குகின்றன. சிலர் ஒரு வயது வரை சோறு ஊட்டத் தயங்குகின்றனர். சிலர் நீர்த்த கஞ்சியை மட்டும் கொடுக்கின்றனர். குழந்தையின் வயிறு சிறிது. நீர்த்த கஞ்சியால் அது நிரம்புமேயன்றிப் பலம் உண்டாகாது. கரண்டியிலிருந்து வழிந்தோடாத பக்குவத்தில் குழைத்த சோறு, பருப்பு, கீரை, வாழைப்பழம், கூடுமாயின் முட்டை, இவற்றோடு சிறிது எண்ணெய் அல்லது நெய் சேர்த்து, முதலில் தினம் இரண்டு மூன்று வேளையும், ஒன்பதாம் மாதம் முதல் மூன்று நான்கு வேளையும் ஊட்டவேண்டும். இரண்டு வயது வரையிலும், அதற்கு மேலும், தாய்ப்பாலைத் தொடர்தல் நலம். வயிற்றுப்போக்கு கண்டால் ஆகாரத்தை நிறுத்தலாகாது. உப்புச் சர்க்கரைக் கரைசலை அடிக்கடி புகட்டிச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஊட்டுவார் யார்?

நடவு, களையெடுப்பு, அறுப்புக் காலங்களில் தாய் விடியுமுன் வயலுக்குச் செல்கிறாள். குழந்தையை எட்டு வயதுத் தமக்கை இடுப்பில் சுமக்கிறாள். நான்கு வேளை ஆகாரம் இரண்டாகிறது. தமக்கையின் படிப்பும் கெடுகிறது. தாய்க்கு எவ்வளவு போதித்தாலும் இந்நிலை மாறாது. கூலியை இழக்க இயலாத குடும்பத்துக்கு வேண்டியது உபதேசமன்று, உதவி. இவ்வுதவியைத் தனியொருவர் செய்யமுடியாது, சங்கம் செய்யமுடியும்.

விளையாட்டே பாடம்

குஜராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேகா 1920-ஆம் வருஷத்தில் பாவநகரில் பால மந்திரத்தை நிறுவினார். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளித்தார். சிறு குழந்தை கையினாலும் கண்ணினாலும் கற்கிறது, அடியினாலும் அச்சத்தினாலும் அன்று என்பதை இவ்விருவரும் வற்புறுத்தினார்கள். மூன்று வயதில் பலகையில் எழுத்தைத் திணிப்பதால் பயனில்லை. கதை சொல்லுதல், பாடுதல், மணலில் கோடிடுதல், புளியங்கொட்டையை எண்ணுதல், இலைகளை வகைப்படுத்துதல் ஆகியவையே அப்பருவத்துப் பாடங்கள். மூன்று வயதுக்குட்பட்டவர் கையில் கொட்டை முதலிய சிறு பொருள்களைத் தரலாகாது, வாயிலிட்டால் மூச்சடைக்கும். கைக்குழந்தையோடு பேசிக்கொண்டே ஊட்டுவதும் கல்வியே. அதற்குச் செலவு யாதுமில்லை.

சங்கத்தார் செய்யக்கூடியவை

1975-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக அங்கன்வாடிகள் நடைபெறுகின்றன. ஆதலின் சங்கம் புதிதாய் ஒன்றை நிறுவவேண்டுமென்பதில்லை. உள்ளதைத் துணைகொண்டு நடத்தலாம்.

1. எடை பார்க்கும் நாளைத் தண்டோரா மூலம் முன்கூட்டித் தெரிவித்தல். தராசு சரியாயுள்ளதா என்று பார்த்தல்.

2. எடை கூடாத குழந்தைகளின் வீடுகளுக்கு அனுபவமுள்ள தாய் ஒருவரை அனுப்பி விசாரித்தல். பெயர்களைப் பொதுக்கூட்டத்தில் வாசித்தல் கூடாது. தாய்மார் வெட்கி வராமலிருந்துவிடுவர்.

3. வேலைக் காலத்தில் நிழலும் நல்ல தண்ணீருமுள்ள ஓரிடத்தில் குழந்தைக் காப்பகம் நடத்துதல். சட்டமும் உபவிதிகளும் இடந்தருமளவில் பொது நன்மைக்கென ஒதுக்கும் தொகையிலிருந்து இச்செலவைச் செய்யலாம்.

4. தடுப்பூசி தவறிய குழந்தைகளைச் சுகாதார ஊழியருக்கு அறிவித்தல்.

அங்கத்தினர்கள் தங்கள் அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுப்புவார்களாக: ‘நம் ஊரில் சென்ற மாதம் எடை கூடாத குழந்தைகள் எத்தனை?’ விடை கூற எவருக்கும் இயலாவிடில், அங்கிருந்தே வேலையைத் தொடங்கலாம்.